‘அரசு’ என்ற சொல்லும் 102ஆம் இலக்க அறையும்

“அரச சட்டத்தரணியின் வேலை என்ன?”

மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் இப்படித்தான் தமிழில் சொன்னேன். அதுவரை ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த, குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞர் (தம்பி என்றே சொல்கிறேன்), கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதிரையோடு பின்னுக்குப் போனார். “அரசாங்கமோ? ஆமியின்ர ஆளோ?” என்றார்.

ரொறன்ரோ நீதிமன்றங்களில் பல வருடங்களாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். நான் சத்தியம் செய்து ஏற்ற வேலை இது, ஆகவே யாருடைய வழக்கையும் இங்கே எழுத முடியாது. கீழே வருவது பல நாட்களின் துண்டுகள். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒருவருடைய கதைபோலச் சேர்த்திருக்கிறேன்.

1998இல், நீதிமன்றமாக இயங்கிய பழைய நகர மண்டபத்தின் 102ஆம் இலக்க அறையில், மனநோய் உள்ளவர்களின் குற்ற வழக்குகளைப் பார்க்கும் மனநல நீதிமன்றம் தொடங்கியது. கனடாவில் இப்படியொன்று வந்தது அதுதான் முதல் தடவை. 2023இல் நகரத்தின் பல குற்றவியல் நீதிமன்றங்கள் ஆர்மரி வீதியில் உள்ள புதிய கட்டடத்துக்கு மாறின. ஆனால் என் மனதில் இன்னும் அந்தப் பழைய கற்கட்டடம்தான் நிற்கிறது.

102க்கு வருவதற்கு முன், வேறொரு நீதிமன்றத்தில், ஒருவர் நீதவானுக்கு முன்னால் வாயே திறக்காமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். தவணை போட்டார்கள். திரும்பவும் வந்தார், திரும்பவும் தவணை. கிழமைக்கணக்காக மறியலில் இருந்தார். அவர் ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிப்பது அங்கே யாருடைய வேலையும் இல்லை. யாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு இருந்தது, அவ்வளவுதான்.

102இல் அந்தக் கோப்புகளை வைத்திருப்பவர்கள் ஒரே அறையில் இருந்தார்கள். மனநல வழக்குகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட அரச சட்டத்தரணி, பணம் கட்ட வேண்டாத கடமைச் சட்டத்தரணி, சமூகப் பணியாளர்கள், அங்கேயே வந்து பார்க்கும் மனநல மருத்துவர். வழக்கு விசாரணையை ஒருவர் எதிர்கொள்ளக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதை, பல நாட்களில், அன்றைக்கே பார்த்துவிடலாம். கனடாவின் குற்றவியல் சட்டக்கோவை இதில் மூன்று விஷயங்களைக் குறிப்பாகச் சொல்கிறது. வழக்கு என்றால் என்ன, அதனால் என்ன நடக்கலாம் என்று விளங்க வேண்டும். தன் சட்டத்தரணியோடு கதைக்கத் தெரிய வேண்டும். புத்திசாலித்தனமான முடிவு எடுக்க வேண்டும் என்றில்லை. அடிப்படை விளக்கம் இருந்தால் போதும் என்றுதான் அப்போது பார்த்தார்கள். அதுவும் இல்லையென்றால், அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்காக 60 நாட்கள் வரை சிகிச்சைக்கு நீதிபதி கட்டளையிடலாம், அவர் சம்மதிக்காவிட்டாலும்.

தம்பியிடம் மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தது இந்த விளக்கத்தைத்தான். அதனால்தான் அந்த ‘அரச’ என்ற சொல் எனக்கு இடித்தது. ஆங்கிலத்தில் அந்தச் சட்டத்தரணியைக் ‘கிரவுன்’ என்பார்கள். தமிழில் நாங்கள் பழகிய சொல் அரச சட்டத்தரணி. இலங்கைப் போருக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அந்த முதல் பாதி என்ன செய்யும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. தம்பி சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். என் பங்கு அங்கே முடிகிறது, விளக்கம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் பயன்படுத்திய சொல்லிலே சிக்கல் இருக்கலாம் என்று தெரிவிக்க அனுமதி கேட்கலாம். கேட்டேன். மருத்துவர் பேனையை வைத்துவிட்டு, “ஆமி என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?” என்று அவரிடமே கேட்டார். சின்ன வயதில் ஒரு விடியற்காலை ஆமி வீட்டுக்கு வந்ததைத் தம்பி சொன்னார். அது நோயின் சந்தேகம் அல்ல, நடந்த விஷயம். அப்புறம் மருத்துவர் கேள்வியை மாற்றினார்: “உங்களுக்கு எதிராக வழக்கைச் சொல்கிற சட்டத்தரணி என்ன செய்வார்?”

“நான்தான் கடைக் கண்ணாடியை உடைச்சனான் எண்டு காட்டுவார்.”

விசாரணையை எதிர்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. காதுக்குள் ஆட்கள் கதைக்கிறார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வெளியே வாங்கில் அம்மா இருந்தார். சமூகப் பணியாளர் பக்கத்தில் குந்தி, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். மகனுக்கு என்ன வருத்தம்? அம்மா என்னைப் பார்த்தார். “பிள்ளை, விசர் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. தங்கச்சிக்கு இன்னும் கலியாணம் முடியேல்லை.” அதையும் அப்படியே சொன்னேன். பணியாளர் படிவத்தைத் திருப்பி அம்மாவிடம் காட்டி, “இது திருமணத் தரகரிடம் போகாது, அம்மா. அவருடைய கடைசி ஊசி எப்போது?” என்றார். அம்மாவுக்கு முதல்தடவையாக முகம் இளகியது. மகனின் சம்மதத்தோடு மருந்தகத்துக்கு அடித்துக் கேட்டதில், இரண்டு மாதமாக அவர் மனநோய் மருந்து ஊசிக்குப் போகவில்லை என்று தெரிந்தது. யாரும் அவரை விட்டுவிடவில்லை. வீடு மாறியிருந்தார்கள், புதிய பேருந்துப் பாதை அவருக்குப் பிடிபடவில்லை.

இந்த இடத்தைக் கருணை மன்றம் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் பார்த்தது வேலை. தொலைபேசி அழைப்பு, தங்குமிடத்தில் ஒரு கட்டில், சுகாதார அட்டை, பேருந்து இலக்கம். வழக்குக்குப் பதிலாகச் சிகிச்சை என்ற மாற்றுவழி பாரதூரமான வன்முறை வழக்குகளுக்குக் கிடைக்காது. சின்னக் குற்றங்களுக்கு, ஆள் தானாக விரும்பி, சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றினால் குற்றச்சாட்டைக் கைவிடலாம். எனக்கு ஒரு கவலை மட்டும் இருந்தது. நீதிமன்றத்தில் நான் இருக்கிறேன், வியாழக்கிழமை கிளினிக்கில் இவருக்கு யார் தமிழில் கதைப்பார்கள்? பணியாளர் அதையும் எழுதிவைத்திருந்தார். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்த பிறகுதான் திட்டத்தில் கையெழுத்து வாங்கினார்.

சில மாதங்கள் கழித்து கடைசித் தவணை. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அரச சட்டத்தரணி எழுந்து குற்றச்சாட்டை மீட்டுக்கொள்வதாகச் சொன்னார். அந்தத் தடவை நான் ‘வழக்கை நடத்தும் சட்டத்தரணி’ என்றுதான் சொன்னேன். தம்பி மெதுவாகக் கேட்டார், “முடிஞ்சுதோ?”

நானாகப் பதில் சொல்லக்கூடாது. கேள்வியை ஆங்கிலத்தில் கடமைச் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதைத் தமிழில் திருப்பினேன்.

“முடிஞ்சுது. ஆனால் வியாழக்கிழமை ஊசி இருக்கு.”