ஆயுத பூஜைக்கு அப்புறம் வந்த மூணு எரர் கோடு

அக்டோபர் 14, 2024, திங்கள்

ஆயுத பூஜை முடிஞ்ச கையோட வர்ற முதல் திங்கக்கிழமை பொக்லைன் வண்டிங்களுக்கு வயரிங் வேலை பார்க்கற எனக்கு போன் ஓயவே ஓயாது, வருஷா வருஷம் இதேதான். பூஜைக்குன்னு வண்டிய வாட்டர் வாஷ் பண்றாங்க, பிரஷர் கன்ன எடுத்து ஹைட்ராலிக் பம்ப் ரூம், வயர் சேர்ற கப்ளர், வண்டியோட கம்ப்யூட்டரான கன்ட்ரோலர் பெட்டின்னு எதையும் பார்க்காம அடிச்சிடுறாங்க. சந்தனம் குங்குமம் வச்சு எலுமிச்சம்பழம் நசுக்கி கிளப்பினா மானிட்டர்ல கோடு, அதாவது எங்க கோளாறுன்னு காட்டற எரர் நம்பர்.

இன்னிக்கு காலைல 7 மணிக்கு சங்ககிரி பக்கத்துல இருந்து ஒரு ஓனர் தம்பி. 20 டன் பொக்லைன், செகண்ட் ஹேண்ட்ல வாங்கி நாலு மாசம்தான் ஆச்சு, மீட்டர்ல 9000 ஹவர் சொச்சம். மூணு கோடு ஒண்ணா வருது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது, பூம்ங்கற பெரிய கைய தூக்குனா இன்ஜின் அமுங்குதுன்னார். ஏற்கனவே ஒருத்தர் வந்து பார்த்துட்டு கன்ட்ரோலர் போச்சு, பழசு ஒண்ணு 1.5 லட்சத்துக்கு வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டாராம். "அண்ணா, வீட்ல நகைய வச்சுதான் முன்பணமே கட்டுனேன், இப்ப இது வேறயா"ன்னு குரல் உடைஞ்சு கேட்டார். நான் வந்து பார்க்கற வரைக்கும் ஒரு ரூபா குடுக்காதீங்க, கோடையும் யாரும் அழிக்காதீங்கன்னு மட்டும் சொல்லி வச்சேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

டிவியத் தொறந்தா சென்னை மழைதான், இங்க தூறல் மட்டும். பையனையும் கூட்டிட்டு குவாரிக்குப் போனேன்.

முதல்ல மீட்டர் எடுக்கல, ஆபரேட்டர்கிட்ட பேசினேன். கோடு எப்ப வருது, கிளப்பின உடனேயா, சூடு ஏறின பிறகா, எந்த லீவர் இழுத்தா வருதுன்னு. ஐட்லிங்ல வர்றதில்ல, ஆக்சிலேட்டர் டயல ஏத்தின உடனே வருதுன்னார். அந்த ஒரு வார்த்தைலயே பாதி வேலை முடிஞ்ச மாதிரி, ஏன்னா அப்ப எங்கயோ அதிர்வுல ஒண்ணு தொடுது.

கோடு மூணையும் நோட்டுல எழுதினோம். முன் பம்ப் பிரஷர் சென்சார், பின் பம்ப் பிரஷர் சென்சார், அப்புறம் ஆர்ம் லீவர இழுக்கறப்ப வர்ற பிரஷர பார்க்கற ஆர்ம் பைலட் பிரஷர் சென்சார். மூணும் வோல்டேஜ் கம்மின்னு சொல்லுது. மூணு சென்சாரும் ஒரே நாள்ல சாகுமா? சாகாது. அந்த மூணுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பார்க்கணும். இந்த மாதிரி பிரஷர் சென்சார்ல மூணு வயர், கன்ட்ரோலர்ல இருந்து வர்ற 5 வோல்ட், எர்த், சிக்னல். சிக்னல் சாதாரணமா 0.5ல இருந்து 4.5 வோல்ட்டுக்குள்ள ஆடும், அதத் தாண்டி கீழயோ மேலயோ போனா வயர்ல பிரச்சனைன்னு கன்ட்ரோலர் கோடு போடும். இந்த வண்டில அந்த 5 வோல்ட் மூணு சென்சாருக்கும் ஒரே லைன்ல போய் பிரியுது. ஒரு இடத்துல எர்த் ஆனா மூணும் சேர்ந்து படுத்துடும். பம்ப் பிரஷர் என்னன்னு தெரியாததால கன்ட்ரோலரும் பம்ப சரியா அடக்க முடியல, இன்ஜின் அமுங்குறதுக்குக் காரணம் அதுதான்.

ஒரு சென்சார் கப்ளர கழட்டி 5 வோல்ட் பின்ல மீட்டர் வச்சேன், ஐட்லிங்ல 5.0 சுத்தமா காட்டுச்சு. டயல ஏத்தச் சொன்னேன், 1.8க்கு விழுந்து திரும்ப ஏறுது, விழுது. ஒவ்வொரு சென்சாரா கழட்டி பார்த்தோம், மூணையும் கழட்டின பிறகும் விழுது. அப்ப சென்சார் மூணும் நல்லது, வயர்தான். அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு, கேபின்ல உக்கார்ந்து ஆபரேட்டர் குடுத்த டீய குடிச்சிட்டு இருட்டினதும் வந்துட்டோம்.

அக்டோபர் 16, புதன்

கிடைச்சிருச்சு. பம்ப் ரூம்ல ஒரு பிராக்கெட்டுக்குப் பின்னாடி, கை மட்டும்தான் போகும், கண்ணு போகாது. கிளாம்ப் கழண்டு வயர் கட்டு பிராக்கெட் விளிம்புல தேய்ஞ்சிருக்கு. முன்னாடி வச்சிருந்தவங்க பார்த்திருக்காங்க, சாதா இன்சுலேஷன் டேப்ப சுத்தி விட்டிருக்காங்க. ஹைட்ராலிக் ஆயில் பட்ட டேப்பு எத்தனை நாள் பிடிக்கும், பசை ஊறி தொங்கிட்டு இருந்திருக்கு, பூஜைக்கு அடிச்ச தண்ணி மிச்சத்தையும் பிச்சு எறிஞ்சிருச்சு. பச்சை பூத்த செம்பு வெளிய தெரியுது.

பேட்டரிய கழட்டிட்டு அந்த இடத்த வெட்டி எடுத்து புது துண்டு போட்டு கிரிம்ப் பண்ணி, அதாவது சால்டர் இல்லாம அழுத்தி இணைச்சு, உள்ள பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏத்தி, மேல ஃப்ளெக்ஸிபிள் டியூப், ரப்பர் வச்ச கிளாம்ப். நான் அதிர்வு இருக்கற இடத்துல சால்டர் வைக்கறதில்ல, சால்டர் முடியற இடத்துல வயர் விறைச்சு அங்கயே ஒடியுது, நிறைய பார்த்துட்டேன்.

டயல ஃபுல்லா ஏத்தி, பூம் ஆர்ம் ஸ்விங் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னோம். கோடு இல்ல. செலவு வயர், ஸ்லீவ், கிளாம்ப் எல்லாம் சேர்த்து 600 ரூபா கூட இல்ல, கூலி தனி. தம்பி ஒண்ணும் பேசல, கைய பிடிச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் விடவே இல்ல.

அக்டோபர் 17, வியாழன்

அதே வண்டில இன்ஜின் பக்கம் பழைய கோடு ஒண்ணு சேவ் ஆகி கிடந்துச்சு, 110 - 3. பையனுக்கு சொல்லிக் குடுக்க நல்ல சந்தர்ப்பம்னு இன்னிக்கு மறுபடி போனோம். முன் நம்பர் எஸ்பிஎன், எந்த இடம்னு சொல்லும், 110னா கூலன்ட் டெம்பரேச்சர். பின் நம்பர் எஃப்எம்ஐ, என்ன கோளாறுன்னு சொல்லும், 3னா வோல்டேஜ் அதிகம், 4னா கம்மி, 5னா கரண்ட் போகல, வயர் அந்துருக்கு. எல்லாரும் முன் நம்பர பார்த்துட்டு சென்சார் வாங்க ஓடுறாங்க, பின் நம்பர யாரும் படிக்கறதே இல்லை, எனக்கு வயிறு எரியறது அங்கதான்.

இது ரெண்டு வயர் சென்சார். கப்ளர கழட்டி வயர் பக்கம் இருக்கற ரெண்டு பின்னையும் ஒரு ஜம்பர் வயரால சேர்க்கச் சொன்னேன். கோடு 3ல இருந்து 4க்கு மாறுச்சு. அப்படி மாறினா வயரும் நல்லது கன்ட்ரோலரும் நல்லது, கோளாறு சென்சார்லயோ கப்ளர் பின்லயோதான். பார்த்தா பின் ஒண்ணு விரிஞ்சு லூசா இருந்துச்சு, சென்சார் கூட மாத்தல. பையன் முகத்த பார்க்கணுமே!

அக்டோபர் 18, வெள்ளி

வேற வண்டி. மானிட்டர் சில நேரம் அப்படியே செத்துப்போகுது, கம்யூனிகேஷன் கோடு வருது. பேட்டரிய கழட்டிட்டு, கன்ட்ரோலரும் மானிட்டரும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற கேன் லைன் ரெண்டு வயருக்கும் நடுவுல ஓம்ஸ் பார்த்தேன். ரெண்டு கோடிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், சேர்ந்து 60 காட்டணும், இது 120 காட்டுது. அப்ப ஒரு பக்கம் அந்துருக்கு. சீட்டுக்குப் பின்னாடி பழைய ஃபைனான்ஸ்காரங்க ஜிபிஎஸ் மாட்டி எடுத்த இடம், கையால முறுக்கி விட்ட ஜாயின்ட். தொட்டதும் கைல வந்துருச்சு. சரி பண்ணினதும் 60.2.

அக்டோபர் 20, ஞாயிறு

சேலத்துல ஒருத்தர் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கறார், கூட வரச் சொன்னார். பெயின்ட் புதுசு, உள்ள சீட் கவர் புதுசு. நான் கீ ஆன் மட்டும் பண்ணி இன்ஜின் கிளப்பாம மானிட்டரயே பார்த்தேன், முதல்ல எல்லா வார்னிங் லைட்டும் ஒரு தடவை எரிஞ்சு அணையணும், இதுல ஆயில் பிரஷர் லைட்டு எரியவே இல்ல. கோடு ஹிஸ்டரி காலி. 8000 ஹவர் ஓடின வண்டில ஒரு பழைய கோடு கூட இல்லன்னா யாரோ நேத்துதான் அழிச்சிருக்காங்க. அப்புறம் பம்ப் எமர்ஜென்சி ஸ்விட்ச், கன்ட்ரோலர் வேலை செய்யலைன்னா வண்டிய அவசரத்துக்கு நகர்த்த குடுத்தது, அதோட மூடி உடைஞ்சு ஸ்விட்ச் ஆன்ல கிடக்கு. அத ஆஃப் பண்ணி பூம் தூக்கச் சொன்னேன், 10 செகண்ட்ல பம்ப் சோலனாய்டு, அதாவது கரண்ட்ல வேலை செஞ்சு பம்ப அடக்கற வால்வு, அதோட கோடு வந்துருச்சு.

சோலனாய்டுக்கு வர்ற வயர்ல மீட்டர்ல வோல்டேஜ் சரியா காட்டுது. ஆனா என் பைல எப்பவும் ஒரு 24 வோல்ட் ஹெட்லைட் பல்பு வச்சிருப்பேன், ஸ்விட்ச திரும்ப ஆன்ல போட்டு அத அந்த வயர்ல மாட்டினேன், மினுமினுன்னு மங்கலா எரியுது. அந்த லைன்ல ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதனால கொஞ்சம் மங்கத்தான் செய்யும்னு ரெசிஸ்டருக்கு முன்னாடியும் வச்சு பார்த்தேன், அங்கயும் மங்கல். வயருக்குள்ள நாலஞ்சு இழைதான் மிச்சம், மீட்டருக்கு அது போதும், சுமைக்குப் போதாது.

விக்கறவர் "அது சும்மா சின்ன வயர் வேலைண்ணா"ன்னார். சின்ன வேலையாவே இருக்கட்டும், அப்ப சரி பண்ணிட்டு காட்டுங்க, புதன்கிழமை பல்போட வர்றேன்னு சொல்லிட்டு வந்தோம். வாங்கறவர் அட்வான்ஸ் பணத்த பைலயே வச்சிக்கிட்டார்.