திங்கட்கிழமை வயிற்றுவலி

ஞாயிறு ராத்திரி வரை ஓடியாடிய பிள்ளை, திங்கள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறது. ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் வாந்தி. வேன் போன அரை மணி நேரத்தில் எழுந்து வந்து இட்லி கேட்கிறது. "எல்லாம் நடிப்பு" என்று வீடு தீர்ப்பு எழுதிவிடுகிறது.

நடிப்பு இல்லை. பயத்தில் வயிறு பிசையும், குமட்டும். இன்டர்வியூவுக்கு முன் பெரியவர்கள் மூன்று தடவை பாத்ரூம் ஓடுவதும் இதே சங்கதிதான். வேன் போனதும் பயம் இறங்குகிறது, வலியும் இறங்குகிறது. அதனால் "நிஜமா வலிக்குதா?" என்ற விசாரணையில் காலைப்பொழுதை வீணாக்க வேண்டாம்.

குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் இருந்தால் உடலில்தான் தேட வேண்டும். மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் தனியாகக் கேளுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிவைக்கும் பிள்ளைகள் ஏராளம். அங்கே உடல் நோய்க்கும் பள்ளிப் பயத்துக்கும் காரணம் ஒன்றே. வாட்டர் பாட்டில் நிரம்பியபடியே வீடு திரும்புகிறதா என்று பாருங்கள்.

"ஏன் போக மாட்டேங்கிற?" என்றால் "தெரியல" என்றுதான் பதில் வரும். பல நேரம் பிள்ளைக்கு நிஜமாகவே தெரியாது. துண்டு துண்டாகக் கேட்க வேண்டும்: வேனில் பக்கத்தில் யார், மதியம் யாரோடு சாப்பாடு, எந்த பீரியடில் கை சில்லிடுகிறது. கூடவே இரண்டு வாரம் ஒரு நோட்டில் கிழமை, நேரம், அன்றைய பாடவேளை மூன்றையும் குறித்து வாருங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லும் நாட்களில் மட்டும் வலி வந்தால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம்.

அடியோ கேலியோ காரணம் என்றால், முதலில் அதை நிறுத்துங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாக வதைப்பதையும் தடைசெய்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-க்குப் புகார் சொல்லலாம். பயப்பட வேண்டிய விஷயம் அங்கேயே உட்கார்ந்திருக்க, பிள்ளையை மட்டும் பழக்குவது அநியாயம்.

சின்னக் குழந்தைகளுக்குப் பல நேரம் பள்ளி பிரச்சினையே இல்லை. 'நாம இல்லாதப்போ அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோ' என்பதுதான் பயம். வீட்டில் சண்டை, சாவு, புதுக் குழந்தை, வெளிநாடு போன அப்பா என்று பின்னணியில் ஏதாவது இருக்கும். இந்த வகையில் அம்மா கொண்டுபோய் விட்டால் வாசலில் பிரிவது கடினம். அப்பாவோ சித்தப்பாவோ விட்டுவரட்டும்.

திரும்ப அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் கழியும் ஒவ்வொரு வாரமும் பாடமும் கூடும், "ஏன் வரல?" என்ற கேள்வியின் பயமும் கூடும். நீண்ட நாள் விடுபட்டிருந்தால் படிப்படியாகப் போகலாம். இரண்டு நாள் மாலையில் ஆளில்லாத பள்ளி வளாகத்தில் ஒரு நடை. அடுத்த இரண்டு நாள் பிடித்த ஒரே பீரியட். பிறகு மதியம் வரை, அதன்பின் முழு நாள். புதன் அல்லது வியாழனில் தொடங்கினால் வார இறுதி பக்கத்தில் இருப்பது தெம்பு. எந்த ஆசிரியர் வாசலில் வந்து கூட்டிப்போவார் என்பதை முன்பே பேசி வையுங்கள்.

திட்டம் கவிழ்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒரு மணி நேரம் என்று பேசியிருப்போம், இருபதாவது நிமிடம் பிள்ளை அழும், பள்ளியிலிருந்து போன் வரும், ஓடிப்போய்க் கூட்டி வருவோம். பயம் ஏறி உச்சத்தில் நிற்கும்போது வெளியே வந்தால், 'ஓடினால்தான் பயம் போகும்' என்று மனம் படித்துக்கொள்கிறது. அங்கேயே உட்கார்ந்தால் அது தானாக இறங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. அழட்டும், ஆசிரியர் அறையில் தண்ணீர் குடிக்கட்டும், ஆனால் பேசிய நேரம் முடிந்தே கிளம்பட்டும். ஒரு மணி நேரம் தாங்காது என்று தோன்றினால் முந்தைய நாளே அரை மணியாகக் குறையுங்கள், நடுவில் அல்ல.

இரண்டாவது ஓட்டை, "பாவம், இன்னிக்கு ஒரு நாள் விடேன்" என்னும் பாட்டி. அவர் பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்தில் ஒரு நாள் அழுகை பலித்தால், மற்ற நான்கு நாளும் இன்னும் பலமாக அழத் தோன்றும். பாட்டியையும் உட்காரவைத்துத் திட்டத்தைச் சொல்லுங்கள். லீவு எடுத்த நாளில் பள்ளி நேரம் முடியும்வரை டிவி, செல்போன், ஸ்பெஷல் பலகாரம் கிடையாது. திட்டும் கிடையாது. "ஹாஸ்டல்ல போட்டுடுவேன்" என்ற மிரட்டல், பிரிவுக்குப் பயப்படும் குழந்தைக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய்.

பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் தூக்கம் தலைகீழாகி, சாப்பாடு குறைந்து, நண்பர்களையும் ஒதுக்கினால் மனச்சோர்வாக இருக்கலாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மனநல உதவி எண்ணான 14416-லும், தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெற்றோரும் தங்களுக்காக அழைக்கலாம்.

சரியான பிறகும் ஜூன் மாதத்திலோ நீண்ட காய்ச்சலுக்குப் பின்னோ வயிற்றுவலி மறுபடி எட்டிப்பார்க்கும். அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு படி இறங்கி, அங்கிருந்து ஏறினால் போதும்.