மாத்திரையோடு வீட்டுக்குப் போனவர்கள்

தாம்பரம் சானடோரியம் என்றால் இன்று பலருக்கும் மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையம்தான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை தொடங்கினார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு இவைதான் வைத்தியம். நோயாளி குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், விலகி இருக்க வேண்டும். படுக்கைகள் குறைவு, நோயாளிகளோ ஏராளம்.

இந்த முறையை மாற்றிய ஆய்வும் இதே சென்னையில்தான் நடந்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. இன்னொரு பிரிவு தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்தது. இருவருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற ஒரே மருந்துகள், ஓராண்டு. 1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் அரைகுறையாகச் சாப்பிட்டு, முடிந்தபோது வேலைக்கும் போனார்கள். அப்படியிருந்தும் மருந்து வேலை செய்தது. வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் உறுதியானது. உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாக இது பெரிய காரணம்.

வடசென்னையில் காசநோய்க் களப்பணியாளராக இருக்கும் எனக்கு இந்த ஆய்வைப் பற்றி ஒரு ஆதங்கம் உண்டு. பயிற்சி வகுப்புகளில் வல்லுநர்கள் இதைப் பெருமையோடு விளக்குவார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் பெரும்பாலும் "வீட்டிலிருந்தே குணமாகலாம்" என்ற வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நோயாளிகள் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். சுகாதாரப் பார்வையாளர்கள் வீடு தேடிப் போனார்கள். சொல்லாமல் திடீரென்று போய் மீதமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆக, அங்கே வென்றது மருந்து மட்டும் இல்லை. மருந்தின் பின்னாலேயே படியேறிப் போன மனிதர்களும் சேர்ந்துதான் அந்த 86 சதவீதம்.

இப்போது வசதிகள் எவ்வளவோ கூடியிருக்கின்றன. சளியைச் சிபிநாட் கருவியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் நோய் உண்டா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று தெரிந்துவிடும். வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம்தான்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. எல்லாம் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்தே வருகின்றன. ஆனாலும் கடினமான பகுதி மாறவில்லை. அது இரண்டாவது மாதத்தில் வருகிறது. இருமல் நின்றிருக்கும், காய்ச்சல் இருக்காது, பசி எடுக்கும். காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் ஒருவரோ, புளியந்தோப்பில் ஆட்டோ ஓட்டும் ஒருவரோ அதற்கு மேலும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது, வேலை கெடுகிறது. ஒரு நாள் விடுகிறார், பிறகு ஒரு வாரம். இவரை "அலட்சியமானவர்" என்று அட்டையில் எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன். அவர் வேலைக்குப் போகும் நேரத்தைக் கேட்டு, மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று மருத்துவரிடம் பேசி மாற்றிக் கொடுத்தால், பலர் தொடர்கிறார்கள்.

வீட்டுக்குப் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. புதிதாகத் திருமணமான பெண்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை போடும் ஒரு பெண்ணை நான் ரேஷன் கடை வரிசையில்தான் சந்திப்பேன். "அக்கா, வீட்டுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதை முதல் நாளே நாங்கள் சொல்லிவிடுவோம். அவளுடைய பயம் வேறு. பொதுக் கழிப்பறையில் யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது? எந்த வல்லுநரின் உரையிலும் இந்தக் கேள்விக்குப் பதில் வந்ததில்லை. இருவரும் பேசி, கணவரை மட்டும் மையத்துக்கு வரவழைத்தோம். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும், தட்டையும் தம்ளரையும் பிரிக்க வேண்டியதில்லை என்று மருத்துவரே அவரிடம் நேரில் விளக்கினார். அதன் பிறகு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதே அவர்தான்.

என்னை மிகவும் வருத்துவது, "சத்தான உணவு சாப்பிடுங்கள்" என்ற அறிவுரை. சம்பாதிக்கும் ஒரே ஆள் படுத்துவிட்ட வீட்டில் இதைச் சொல்ல நாக்கு எழாது. 1959 ஆய்வைப் படித்துவிட்டு, மருந்து இருந்தால் போதும், உணவு இரண்டாம்பட்சம் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு அதைத் திருத்தியது. நம் சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு அது. நோயாளிகளின் வீட்டில் இருந்த 10,345 பேரில் ஒரு பிரிவுக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிடமும் ஒன்று தெரிந்தது: முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்கள் இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவு. இப்போது அரசு தரும் ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. முன்பு 500. வரவேற்கிறேன். ஆனால் கூலி நின்றுபோன வீட்டில் ஐந்து பேர் அதைப் பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துத் திட்டமிட வேண்டும். அம்மாக்கள் குழந்தையின் தட்டில் போட்டது போகத்தான் தாங்கள் சாப்பிடுகிறார்கள்.

2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை. நோய் தெரிந்த அன்றே எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்துவிடுகிறோம். மிகவும் மெலிந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் முதலில் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

ஆகவே இப்போது என் பையில் மாத்திரை அட்டைகளோடு ஒரு எடை பார்க்கும் இயந்திரமும் இருக்கிறது. மாத்திரையின் எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை தினம் மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. வியாசர்பாடியில் ஒரு இளைஞனுக்கு எண்ணிக்கை கூடியபோது, நோய் முற்றிவிட்டது என்று அவன் அம்மா அழத் தொடங்கினார். மகனை மறுபடி ஏற்றி நிறுத்தி எண்ணைக் காட்டினேன். தேறிவரும் உடம்புக்குக் கூடுதல் மருந்து தேவைப்படுகிறது, அவ்வளவுதான் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியென்றால் அடுத்த மாதமும் இந்த மிஷினை மறக்காமல் கொண்டுவா அம்மா" என்றார்.