குடுவையும் கறுப்புத் தாளும்

ஜூலை 4

கண்ணாடிக் குடுவையை இன்று நிரப்பினோம். கீழே மணல், அதன்மேல் தோட்டத்து மண், மறுபடியும் மணல், மறுபடியும் மண். புத்தகத்தை எடுத்தாலே மேசைக்கடியில் நுழைந்துகொள்ளும் என் மகன், ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் தட்டிச் சமன்செய்துவிட்டுத்தான் அடுத்ததைக் கொட்டவிட்டான். புழுக்களை விட்டபின் குடுவையைச் சுற்றிக் கறுப்புத் தாளை ஒட்டினோம். மண்புழுவுக்குக் கண் கிடையாது. ஆனால் வெளிச்சத்தை உணரும் செல்கள் அதன் தோலில் இருப்பதால், வெளிச்சம் பட்டால் கண்ணாடி ஓரத்துக்கு வராது. கண் இல்லாமல் எப்படித் தெரியும் என்று இரவு வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 5

அவனைச் சோதித்தவர்களின் அறிக்கை வரவில்லை.

ஜூலை 8

தாளை விலக்கிப் பார்க்க அவனுக்குப் பொறுமை இருக்காது என்று நினைத்திருந்தேன். என்னைத்தான் அவன் தடுத்துக்கொண்டிருக்கிறான். மாலையில் கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். சிவப்பு வெளிச்சத்தை மண்புழு அவ்வளவாக உணர்வதில்லை. மணலுக்கும் மண்ணுக்கும் இடையில் இருந்த கோடு ஓரிடத்தில் கலைந்து, கரிய மண் மணலுக்குள் விரலளவு இறங்கியிருந்தது. அந்த இடத்தில் கண்ணாடிமீது அவனே ஒரு புள்ளி வைத்தான்.

ஜூலை 9

ஒரு புழுவை எடுத்துக் காகிதத்தின்மேல் விட்டுக் காதை அருகில் வைக்கச் சொன்னேன். அதன் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு வளையத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்முட்கள் இருக்கின்றன. மண்ணைப் பற்றி நகர்வது அவற்றால்தான். காகிதத்தில் அவை உரசும்போது மெல்லிய பிறாண்டல் சத்தம் கேட்கும். எனக்குக் கேட்கவில்லை. அவன் கன்னத்தைக் காகிதத்தில் பதித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, "கீறுதும்மா" என்றான். புழு தோலால் சுவாசிப்பது, அது உலரக் கூடாது என்று உடனே ஈரமண்ணில் விட்டோம்.

ஜூலை 12

பாடத்திட்டத்தின்படி, பார்த்ததை அவன் ஐந்து வரிகளில் எழுத வேண்டும். ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் எழுத்துகள் இடம் மாறி, கண் கலங்கி, புழுவே அவனுக்கு வேண்டாததாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். கண்ணாடியில் அவன் வைக்கும் புள்ளிகள் குறிப்பு ஆகாதா? எந்தப் புள்ளி எந்த நாளுக்குரியது, அன்று மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்று கேட்டால் தடுமாறாமல் சொல்கிறான். ஆனால் அந்த அறிக்கையை எழுதுகிறவர்கள் புள்ளிகளைக் கேட்கவில்லை. வாசிக்கச் சொன்னார்கள், எண்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள், நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

மண்புழுக்களைப் பற்றி டார்வின் 1881-இல் வெளியிட்ட ஆய்வை இரவு மறுபடியும் புரட்டினேன். புழுக்கள் தம் வளையின் வாயை அடைக்க இலைகளை இழுத்துச் செல்லும்போது எந்த முனையைப் பற்றுகின்றன என்று அறிய, காகிதத்தில் 300-க்கும் மேற்பட்ட முக்கோணங்களை வெட்டிப் போட்டுப் பார்த்தார். பெரும்பாலானவற்றைக் கூர்முனையைப் பிடித்தே இழுத்திருந்தன. அதைக் கொண்டு, அவற்றுக்கு ஓரளவு அறிவு உண்டு என்றார். புழு செய்துவைத்த வேலையைப் பார்த்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். இதை அவர்களிடம் சொல்ல முடியுமா? சொன்னால், உணர்ச்சிவசப்படும் தாய் என்று ஒரு வரி கூடுதலாக வரும்.

ஜூலை 13

தபாலில் ஒன்றுமில்லை. மழை.

ஜூலை 16

நாங்களும் முக்கோணங்கள் போட்டோம். ஒன்றுகூட நகரவில்லை. எல்லா இனப் புழுக்களும் இலையை இழுப்பதில்லை, எங்களுடையவை மண்ணுக்குள்ளேயே மேய்பவை போலும். எனக்குத்தான் ஏமாற்றம். அவனோ, புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுக்கள் ஆகுமா என்று கேட்டான், யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகாது, தலைப்பகுதி சில சமயம் பிழைக்கும், வால்பகுதி பெரும்பாலும் இறந்துவிடும் என்றேன். "அப்போ வெட்டக் கூடாது" என்று கறுப்புத் தாளை இழுத்து மூடிவிட்டான்.

ஜூலை 19

அறிக்கை திங்கட்கிழமை வரும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். இன்று எதையும் தொடவில்லை.

ஜூலை 20

புழுக்களை நெடுநாள் அடைத்துவைப்பது முறையல்ல. ஈரம் காய்வதற்குள் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்றேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளக் கேட்டான். எதை என்றதற்கு, பட்டை இல்லாத சின்னதை என்றான். முதிர்ந்த புழுவுக்குத்தான் உடலைச் சுற்றி அந்தப் பட்டை இருக்கும் என்பதை நான் அவனுக்கு இன்னும் சொல்லவே இல்லை.