ஐடி இலக்கத்தில் என்ன இருக்கிறது?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்ததும் பெறுபேற்றுத் தாளை அப்படியே ஸ்டோரியில் போடுகிறோம். சுட்டெண்ணையாவது மறையுங்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி நம் இலங்கைத் தேசிய அடையாள அட்டை. 12 இலக்கத்தில் முதல் 7 போதும். 2005623 என்று தொடங்கினால் பிறந்த வருஷம் 2005. 623இல் 500ஐக் கழித்தால் 123, அதாவது வருஷத்தின் 123ஆவது நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணினால் அது மே 2. 500 கூட்டியிருப்பதால் பெண். பழைய 9 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருஷம் மட்டும் 2 இலக்கம். பிறந்த திகதியையே பாஸ்வேர்ட் ஆக வைப்பவர்கள் இங்கே எத்தனை பேர், சொல்லுங்கள்!

திருகோணமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரின்ட் எடுக்கப் போனால் கடைக் கம்ப்யூட்டரில் வட்ஸ்அப் வெப் திறப்போம். பிரவுசரை மூடினால் மட்டும் அது வெளியேறாது. போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' போய், அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டி லொக் அவுட் கொடுக்க வேண்டும். டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கும் ஐடி கொப்பியையும் அழியுங்கள். ரீசைக்கிள் பின்னிலிருந்தும்தான்.

வட்ஸ்அப்பிலிருந்து எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கக் கோடை மச்சான் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்பது மச்சானின் திருடுபோன கணக்காக இருக்கும். டூ ஸ்டெப் வெரிபிகேஷனில் 6 இலக்கப் பின் போட்டு, ஈமெயிலும் சேருங்கள். போடாமல் விட்டால், திருடியவன் தன் பின்னைப் போட்டுவிடுவான். பிறகு உங்கள் கணக்குக்குள் நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். நீங்கள் கவனிப்பதற்குள் உங்கள் பெயரில் எத்தனை பேரிடம் கடன் கேட்டிருப்பானோ!