இடைக்கால வீடு: வெளியேறும் நாளிலிருந்து திட்டமிடுதல்

காப்பகத்தை விட்டு வந்தவர்கள், குடும்பத்தோடு இருக்க முடியாதவர்கள் என, சொந்தக் காலில் நிற்க இன்னும் ஓரிரு வருடம் தேவைப்படும் இளைஞர்களுக்காக வீடு திட்டமிட உட்கார்ந்தால், முதல் கூட்டத்திலேயே பேச்சு கட்டடத்துக்குப் போய்விடும். கட்டடம் எப்படியும் கிடைத்துவிடும். அங்கிருந்து அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குப் பதில் இல்லாமல் திறக்கும் வீடுதான் இரண்டாம் வருடம் புதியவர்களைச் சேர்க்க முடியாமல் திணறுகிறது.

கணக்கு எளிது. வருடத்துக்கு 12 பேர் வருகிறார்கள், ஒருவர் சராசரியாக 18 மாதம் தங்குகிறார் என்றால் 18 படுக்கை வேண்டும். வெளியே வாடகைக்கு இடம் கிடைக்காமல் தங்கும் காலம் 24 மாதமாக நீண்டால், அதே 12 பேருக்கு 24 படுக்கை. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் சுத்தம், பழுது, நேர்காணல் என இரண்டு மூன்று வாரம் போகும்; அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் கூட்டரசு நிதியில் நடக்கும் இடைக்கால வாழ்விடத் திட்டத்தில் வழக்கமான வரம்பு 540 நாள், விதிவிலக்காக 635. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைத் திரட்டவே சில மாதம் ஆகிவிடும் என்பதால், அந்த வேலை குடியேறுவதற்கு முன்பே தொடங்குவது நல்லது.

இனி, வீட்டை நடத்த நம்மோடு கைகோக்கும் கூட்டு அமைப்புகள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று ‘ஒத்துழைப்போம், ஆதரவளிப்போம்’ எனப் பொதுவாக எழுதிக் கையெழுத்திட்டால் அது எதற்கும் உதவாது. அதில் சங்கடமான கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். இரவு 2 மணிக்குக் குழாய் உடைந்தாலோ சண்டை மூண்டாலோ வீட்டுக்காரர் யாரை அழைப்பார்? படுக்கை காலியாகக் கிடக்கும் மாதத்து வாடகை யார் பொறுப்பு? சேதத்தை எந்தப் பணத்திலிருந்து, எத்தனை நாளில் சரிசெய்வது? ஒருவரின் உடல்நலத் தகவலை யார் யார் பார்க்கலாம்? ஒருவரை வெளியேற்றும் முடிவு யாருடையது? அந்த முடிவை எந்த ஓர் அமைப்பும் தனியாக எடுக்கக் கூடாது. போக மாற்று இடம் உறுதியாகாமல் எடுக்கவே கூடாது.

அமைப்போடு உறவு இருப்பதாக நினைத்திருப்போம், உண்மையில் அது ஓர் ஆளோடு மட்டும் இருந்திருக்கும். அவர் மாற்றலாகிப் போனதும் போனை எடுக்க ஆளிருக்காது. ஒவ்வோர் அமைப்பிலிருந்தும் இரண்டு பேரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து பேசட்டும்.

திட்டத்தை நடத்தும் நிறுவனமே வீட்டைக் குத்தகைக்கு எடுத்தால் வாடகை தவறாது என்ற தைரியம் உரிமையாளருக்கு வரும். ஒரு வருடம் ஒழுங்காகப் போனபின் ஒப்பந்தத்தை இளைஞர் பெயருக்கு மாற்றலாம் என்று தொடக்கத்திலேயே பேசிவைப்பது மிக நல்ல வழி. மூட்டை கட்டாமலே அவர் குடித்தனக்காரர் ஆகிவிடுவார். ஆனால் அந்த வீடு திட்டத்தின் கையைவிட்டுப் போகும். அடுத்தவருக்கு வேறு தேட வேண்டும்.

பிரான்சில் இரண்டாம் உலகப் போருக்குப் பின், வேலை தேடி நகரம் வந்த இளைஞர்களுக்காகப் பரவிய ‘ஃபுவாயே’ விடுதிகள் இருப்பிடத்தையும் வேலையையும் பிரிக்கவில்லை. 1990களில் பிரிட்டன் அதைப் பின்பற்றியது. இரண்டையும் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: வேலை தரும் நிறுவனம் இரவு ஷிப்ட் போடும், வீடு 9 மணிக்குக் கதவைப் பூட்டும். வேலைதான் போகும்.

ஒரு வீட்டில் 4 முதல் 6 பேர், ஆளுக்கொரு பூட்டுள்ள அறை. சண்டை பெரும்பாலும் சமையலறையில்தான் தொடங்குகிறது. காலையில் வைத்த பால் மாலையில் இருக்காது. பிரிட்ஜில் பெயர் எழுதிய தட்டும், பூட்டுள்ள சிறு அலமாரியும் ஆளுக்கொன்று கொடுத்தால் பாதிப் புகார் நின்றுவிடும். குடியேறும் அன்றே சுவர், ஜன்னல், மெத்தை, சுவிட்ச் எல்லாவற்றையும் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியலோடு வைக்க வேண்டும்.

தங்கும் இளைஞரிடம் பங்களிப்பாக அவர் வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாங்காமல், அதிலும் பாதியை அவர் பெயரில் சேமித்தால், போகும்போது முன்பணமும் முதல் மாத வாடகையும் கையில் இருக்கும். கடைசி ஆறு மாதத்தில் வீடு தேடுவது, மெத்தையும் அடுப்பும் வாங்குவது, மின் இணைப்பைப் பெயர் மாற்றுவது என மாதத்துக்கொரு வேலை. போன பிறகு முதல் மூன்று மாதத்தில்தான் வாடகை தவறும், வேலை கைநழுவும். எனவே வாரம் ஒருமுறை பேச ஓர் ஊழியரும், திரும்பி வர நேர்ந்தால் ஒரு படுக்கையும் பட்ஜெட்டிலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.