ஜி90, ஜி91: எங்கிருந்து அளக்கிறோம்?

சிஎன்சி (கணினி வழி இயங்கும்) மில்லிங் இயந்திரத்தின் புரோகிராமில் எக்ஸ்50 என்று எழுதினால், டூல் ஜாப்பின் (வெட்டப்படும் பொருளின்) பூஜ்யப் புள்ளியிலிருந்து 50 மி.மீ. தள்ளியுள்ள இடத்துக்குப் போகவேண்டுமா, நிற்கும் இடத்திலிருந்து 50 மி.மீ. நகரவேண்டுமா என்பதை அந்த எண் சொல்வதில்லை. அப்போது நடப்பில் இருப்பது பூஜ்யத்திலிருந்து அளக்கும் அப்சல்யூட் முறைக்கான ஜி90ஆ, நிற்கும் இடத்திலிருந்து அளக்கும் இன்கிரிமென்டல் முறைக்கான ஜி91ஆ என்பதே அதை முடிவு செய்கிறது. இரண்டும் மோடல் குறியீடுகள்; ஒன்றை எழுதினால், மற்றொன்று வரும்வரை அதுவே செல்லும்.

மெயின் புரோகிராம் அப்சல்யூட்டிலேயே இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 100 மி.மீ. நீளத்தில் சம இடைவெளியில் 8 துளைகள் போடவேண்டும் என்று கொள்வோம். ஓர் இடைவெளி 14.2857 மி.மீ.; மூன்று தசம இடங்களோடு 14.286 என்று எழுதி, ஜி91இல் ஏழு முறை நகர்த்தினால் கடைசித் துளை 100.002இல் விழும். டிரில் துளைக்கு இது பொருட்டல்ல. ஆனால் தொடங்கிய இடத்துக்குத் திரும்பாத சப்-புரோகிராம் (மெயின் புரோகிராம் திரும்பத் திரும்ப அழைக்கும் துணைப் புரோகிராம்) 50 முறை ஓடும்போது அதே 0.002 மி.மீ. சேர்ந்து 0.1 மி.மீ. ஆகிவிடும். அப்சல்யூட்டில் ஒவ்வொரு துளையும் பூஜ்யத்திலிருந்தே அளக்கப்படுவதால், ஒன்றின் பிழை அடுத்ததற்குப் போகாது. ஆறாவது துளையில் டிரில் உடைந்தாலும், தேவையான மோடல் குறியீடுகளைக் கொடுத்துவிட்டு அங்கிருந்தே மீண்டும் தொடங்கலாம்.

ஒரே வடிவத்தைப் பல இடங்களில் வெட்டும் சப்-புரோகிராமுக்கு ஜி91 மிகப் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. (ஃபனுக் கன்ட்ரோலர் உள்ள லேத்தில் இந்தக் கேள்வியே வேறு: அதன் ஜி-குறியீட்டு வகைகளில் ஒன்றான ஏ முறையில் எக்ஸ், இசட் அப்சல்யூட், யு, டபிள்யூ இன்கிரிமென்டல், ஜி90 அங்கே டர்னிங் சைக்கிள்.)

மிகுந்த கவனம் வேண்டிய இடம் 'ஜி91 ஜி28 இசட்0' என்ற வரி. ஜி28, டூலை ஓர் இடைப்புள்ளி வழியாகத்தான் ஹோமுக்கு (இயந்திரத்தின் நிலையான தொடக்க இடத்துக்கு)க் கொண்டுசெல்கிறது. ஜி91இல் இசட்0 என்றால் நகர்வே இல்லாத இடைப்புள்ளி என்பதால் டூல் நேராக மேலே போகும். ஜி90 நடப்பில் இருந்தால் அதே இசட்0 ஜாப்பின் பூஜ்யமாகி, பெரும்பாலும் மேல்பரப்பாக வைக்கப்படும் அந்த மட்டத்துக்கு டூல் ரேப்பிடில் (வெட்டாமல் நகரும் அதிவேகத்தில்) இறங்கிவிட்டுத்தான் மேலே ஏறும். ஜாப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப் குறுக்கே இருந்தால் மோதல் நிச்சயம். அந்த வரிக்குப் பின் ஜி90 எழுதாமல் விட்டாலும் ஆபத்துதான்: அடுத்த டூலின் எக்ஸ், ஒய் மதிப்புகள் அனைத்தும் நகர்வுகளாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே ஒவ்வொரு டூலின் முதல் வரியிலும், முன்பே எழுதியிருந்தாலும்கூட, 'ஜி90 ஜி54' (ஜி54 என்பது ஜாப்பின் பூஜ்யத்தைத் தேர்ந்தெடுக்கும் குறியீடு) என்று மீண்டும் எழுதுவதையே நான் வற்புறுத்துகிறேன்.